பிடிபட்ட மீனும் வாழும் மீனும்: கொலராடோ ஆற்றில் இயல்வாழ் மீன்களையும் அறிமுக மீன்களையும் கணக்கிடும் முறைகள்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில் பாயும் கொலராடோ ஆற்றின் வடிநிலத்தில், அந்த ஆற்றுக்கே உரிய மீனினங்கள் பல அழிவின் விளிம்பில் உள்ளன. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்கள் அவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டுள்ளன. இவ்விரு வகை மீன்களும் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வலையில் சிக்கும் மீன்களின் எண்ணிக்கை ஆற்றில் வாழும் மீன்களின் எண்ணிக்கைக்கு ஈடாகாது. பிடிபடும் வாய்ப்பும் அகவைக் கட்டமைப்பும் தனியே அறியப்படாதவிடத்து இரண்டு இனங்களை ஒப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும். அணைநீரைத் திறப்பது, மீன்களை அகற்றுவது ஆகிய முடிவுகள் இக்கணக்குகளைச் சார்ந்திருப்பதை இரு நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கொலராடோ ஆறு, இயல்வாழ் மீன், அறிமுக மீன், பிடிபடும் வாய்ப்பு, குறியிட்டு மீளப்பிடித்தல், ஹம்ப்பேக் சப்.

முன்னுரை

ஓர் ஆற்றில் எத்தனை மீன்கள் உள்ளன என்னும் வினா எளிமையானதாகத் தோன்றும். காட்டு விலங்கைக் காலடித் தடத்தாலும் பறவையைக் குரலாலும் அறியலாம். கலங்கல் நீருக்குள் வாழும் மீனோ பிடிபட்டாலன்றிக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பிடிபட்டவை ஆற்றில் இருந்தவற்றுள் பத்தில் ஒரு பங்கா, நூற்றில் ஒரு பங்கா என்பதை வலை தானாகச் சொல்வதில்லை. மீன் கணக்கெடுப்பின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

அயல்நாட்டு ஆற்றின் சிக்கலைத் தமிழில் விளக்கவேண்டிய தேவை என்ன என்னும் வினா எழலாம். ஓர் ஆற்றின் இயல்வாழ் மீன்களைக் காக்கும்பொருட்டு அணை இயக்கத்தையே மாற்றியமைத்த அரிய களங்களுள் கொலராடோ ஒன்று. அங்கு ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் ஒரு கணக்கெடுப்பு உள்ளது. ஆகவே, கணக்கெடுப்பு முறையின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே அறிய அவ்வாறு தகுந்த சான்றாகிறது.

1. ஆறும் அதன் மீன்களும்

ராக்கி மலைத்தொடரில் தோன்றும் கொலராடோ ஆறு ஏறத்தாழ 2,330 கி.மீ. நீளமுடையது. இதன் வடிநிலம் அமெரிக்காவின் ஏழு மாநிலங்களிலும் மெக்சிகோவிலும் பரந்துள்ளது. அணைகள் எழுவதற்கு முன்னர், இளவேனிற் காலத்தில் பனி உருகிப் பெருவெள்ளம் பாயும். கோடையில் நீர் குறைந்து வெப்பமுறும். மழைப்பொழிவை ஒட்டி வண்டல் மிகுந்து செந்நிறமாகக் கலங்கும். இத்தகைய கடுமையான ஏற்றத்தாழ்வுகளுக்கு இயைந்து வாழ்ந்த மீனினங்கள் எண்ணிக்கையில் குறைவு; ஆயினும் அவற்றுட் பல உலகில் வேறெங்கும் காணப்படாதவை.

அவற்றுள் நான்கு பெருமீன்கள் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெரிதும் பெற்றுள்ளன: கொலராடோ பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர், ஹம்ப்பேக் சப், போனிடெயில். நான்கும் நம் கெண்டை மீன்கள் அடங்கும் உயிரியல் வரிசையைச் சார்ந்தவை. பைக்மின்னோ இவ்வாற்றின் தலைமை வேட்டை மீன். முற்காலத்தில் ஏறத்தாழ 1.8 மீட்டர் வரை வளர்ந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. ஹம்ப்பேக் சப் என்னும் மீன், தலைக்குப் பின்னே திமில் போன்ற புடைப்பைக் கொண்டது. பைக்மின்னோவும் ஹம்ப்பேக் சப்பும் 1967இலும், போனிடெயில் 1980இலும், ரேசர்பேக் சக்கர் 1991இலும் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இம்மீன்களின் வீழ்ச்சிக்கு இரு காரணங்கள் பின்னிப் பிணைந்துள்ளன. முதலாவது, அணைகள். 1930களில் கட்டப்பட்ட ஹூவர் அணையும், 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கிய கிளென் கேன்யன் அணையும் ஆற்றின் இயல்பையே மாற்றின. கிளென் கேன்யன் அணையின் நீர், பவல் நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து வெளியேறுவதால் ஆண்டு முழுவதும் குளிர்ந்திருந்தது. வண்டல் தேக்கத்திலேயே படிந்துவிட, ஆறு தெளிந்தது. இரண்டாவது, அறிமுக மீன்கள். குளிர்ந்து தெளிந்த நீர் ட்ரவுட் மீன்களுக்கு ஏற்றதாயிற்று. கெளுத்தி வகைகளும் பாஸ் வகைகளும் வேறு பகுதிகளில் பெருகின. இவை இயல்வாழ் மீன்களின் குஞ்சுகளை உண்கின்றன, உணவுக்கும் போட்டியிடுகின்றன. இவ்விரு காரணங்களுள் எது எவ்விடத்தில் மேலோங்குகிறது என்பதை அறியவே கணக்கெடுப்பு தேவைப்படுகிறது.

2. இயல்வாழ் மீன், அறிமுக மீன்: சொற்பொருள் வரையறை

கணக்கிடும் முன்னர், கணக்கிடப்படுவது எது என வரையறுத்தல் வேண்டும். மனிதர் கொண்டுவராமல் ஒரு வடிநிலத்தில் தானே தோன்றி அல்லது பரவி வாழும் இனம் இயல்வாழ் இனம். மனிதச் செயலால் அங்கு வந்து சேர்ந்தது அறிமுக இனம். அறிமுக இனங்களுள் தானே பெருகி, பரவி, பிற உயிர்களுக்குக் கேடு விளைவிப்பது ஊடுருவும் இனம். அறிமுக இனங்கள் அனைத்தும் ஊடுருவும் இனங்கள் ஆகா.

இவ்வரையறையில் எல்லையாக அமைவது வடிநிலமே. நாட்டின் எல்லைக்கு இங்கு இடமில்லை. ரெயின்போ ட்ரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் இயல்வாழ் மீன். அதே நாட்டில், மலைத்தொடருக்கு அப்பாலுள்ள கொலராடோவில் அது அறிமுக மீன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரின் தூண்டில் விளையாட்டுக்காக நீலகிரி ஓடைகளில் விடப்பட்டதும் இதே இனந்தான். ஆக, ஒரே மீன் ஓரிடத்தில் காக்கத்தக்கதாகவும், மற்றோரிடத்தில் அகற்றத்தக்கதாகவும், வேறோரிடத்தில் வளர்ப்பு மீனாகவும் கருதப்படுகிறது.

மதிப்பீடுகள் காலத்திற்கேற்பவும் மாறுகின்றன. கொலராடோவின் பெருங்கிளையாறான கிரீன் ஆற்றில் ஃபிளேமிங் கார்ஜ் அணை நிரம்பும் முன்னர், 1962 செப்டம்பரில், ஆற்றிலும் துணையாறுகளிலுமாக 700 கி.மீ. அளவுக்கு ரோட்டினோன் என்னும் நஞ்சு கலக்கப்பட்டது. பயனற்ற மீன்கள் என அன்று கருதப்பட்டவற்றை அழித்து, ட்ரவுட் மீன்களுக்கு இடமளிப்பதே அதன் நோக்கம். அழிக்கப்பட்டவற்றுள் இன்று சட்டத்தால் காக்கப்படும் இயல்வாழ் இனங்களும் அடங்கும். நஞ்சை முறிக்கும் முயற்சி முழுமையாகப் பயனளிக்காமையால் அது குறித்த எல்லையைக் கடந்தும் பாய்ந்தது. 'பயனற்ற மீன்' என்னும் ஒரு வகைப்பாட்டுச் சொல், ஓர் ஆற்றின் மீன்வளத்தையே மாற்றவல்லது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. இன்று ஆற்றில் காணப்படும் போனிடெயில் மீன்கள் பெரும்பாலும் மீன் பண்ணைகளில் பொரிக்கப்பட்டு விடப்பட்டவை. இனத்தால் அவை இயல்வாழ் மீன்கள். ஆனால் ஆற்றில் தாமே இனம்பெருக்கி நிலைத்தவை அல்ல. ஆகவே கணக்கெடுப்பில் இனம் எது என்பதோடு, பிறப்பிடம் பண்ணையா ஆறா என்பதும் பதிவு செய்யப்பட வேண்டும்.

3. கணக்கெடுப்புக் கருவிகள்

கொலராடோவில் ஒரே கருவி எல்லா மீன்களுக்கும் பயன்படுவதில்லை. முதன்மையானவை பின்வருமாறு:

அ. மின்மயக்க முறை: படகிலிருந்து நீருக்குள் மின்புலம் உருவாக்கப்படுகிறது. அருகிலுள்ள மீன்கள் சில நொடிகள் செயலிழந்து மேலெழ, அவற்றைக் கைவலையால் அள்ளி, அளந்து, மீள விடுவர். கரையோரத்தில் இரவு நேரத்தில் இது சிறப்பாகப் பயன்படுகிறது. பெரிய மீன் சிறிய மீனைவிட எளிதில் மயங்கும். நீர் கலங்கியிருப்பின் மயங்கிய மீன் கண்ணில் படாமலே போகும்.

ஆ. வலைகள்: வளையங்களின்மேல் இழுத்துக் கட்டப்பட்டு, உள்ளே நுழைந்த மீன் வெளியேற இயலாதவாறு அமைந்த பொறிவலை, மூன்றடுக்கு வலை, ஆழமற்ற ஒதுங்குநீரில் குஞ்சுகளைப் பிடிக்கும் இழுவலை ஆகியன. ஹம்ப்பேக் சப் மிகுதியாக இனம்பெருக்கும் லிட்டில் கொலராடோ என்னும் துணையாற்றில் பொறிவலையே முதன்மைக் கருவி.

இ. மின்னணுக் குறி: நெல்மணியளவான சில்லு மீனின் உடலுக்குள் செலுத்தப்படுகிறது. அதில் மின்கலம் இல்லை. படிப்பான் கருவி அருகில் வரும்போது மட்டும் தனக்குரிய எண்ணை உணர்த்தும். ஆற்றின் அடியில் பொருத்தப்பட்ட உணரிகள், மீனைப் பிடிக்காமலேயே அது கடந்துசெல்வதைப் பதிவு செய்கின்றன. ஹம்ப்பேக் சப் 30 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது. எனவே ஒரே மீனின் வாழ்க்கை வரலாற்றைப் பல்லாண்டுகள் தொடர முடிகிறது.

ஈ. சுற்றுச்சூழல் மரபணுச் சான்று: மீன்கள் நீரில் உதிர்க்கும் செதில், சளி, கழிவு ஆகியவற்றிலுள்ள டிஎன்ஏவை நீர் மாதிரியிலிருந்து பிரித்து, இனத்தின் இருப்பை அறிதல். மிக அரிதான இனத்தையும் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் மீனின் அளவு, அகவை, பால் ஆகியவற்றை இது கூறாது. ஓட்டத்தில் அடித்துவரப்பட்ட மரபணு எங்கிருந்து வந்தது என்பதையும் எளிதில் உறுதிசெய்ய இயலாது.

4. பிடிபடும் வாய்ப்பு

ஒரு மணி நேர மின்மயக்க முயற்சியில் பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கையை 'முயற்சி அலகுப் பிடிப்பு' என்பர். இது எளிமையானது, செலவு குறைந்தது. ஒரே இனத்தை, ஒரே இடத்தில், ஒரே நீர்நிலைமையில், ஆண்டுதோறும் ஒப்பிட இது பயன்படும். இரண்டு இனங்களை ஒப்பிட இதைப் பயன்படுத்தும்போதுதான் இடர் நேர்கிறது.

விளக்கத்திற்காகக் கற்பனை எண்களைக் கொள்வோம். ஓர் ஆற்றுப் பகுதியில் 80 ட்ரவுட் மீன்களும் 20 சப் மீன்களும் பிடிபடுகின்றன. நான்கிற்கு ஒன்று என்னும் விகிதத்தில் அறிமுக மீன்களே மிகுதி என எண்ணத் தோன்றும். கரையோரம் வாழும் ட்ரவுட் பிடிபடும் வாய்ப்பு 0.20 எனவும், ஆழ்நீரில் தங்கும் சப் பிடிபடும் வாய்ப்பு 0.02 எனவும் கொண்டால், ஆற்றில் இருப்பவை 400 ட்ரவுட், 1,000 சப். விகிதம் தலைகீழாகிறது. பிடிபட்ட எண்கள் மாறவில்லை. பிடிபடும் வாய்ப்பு அறியப்பட்டமையால் பொருள் மாறிற்று.

இவ்வாய்ப்பை அளக்கும் வழிகளுள் பழமையானது குறியிட்டு மீளப்பிடித்தல். டென்மார்க்கு நாட்டு மீனியலர் பீட்டர்சன் 1896இல் மீன்களுக்குக் குறியிட்டுச் செய்த ஆய்வுகளோடு இம்முறை தொடர்புபடுத்தப்படுகிறது. முதன்முறை 200 மீன்களுக்குக் குறியிட்டு விடுகிறோம்; இரண்டாம் முறை பிடிபட்ட 150 மீன்களுள் 30 குறியுடையவை என்றால், மொத்தம் 200 × 150 ÷ 30 = 1,000 மீன்கள் என மதிப்பிடலாம்.

இக்கணக்கு சில எடுகோள்களின்மீது நிற்கிறது: இடைக்காலத்தில் மீன்கள் உள்ளே வரவோ வெளியேறவோ கூடாது, குறி உதிரக்கூடாது, குறியுடைய மீனும் குறியற்ற மீனும் ஒத்த வாய்ப்புடன் பிடிபட வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், மீளப் பிடிபட்ட மீன்களுள் பாதி தம் குறியை இழந்திருந்தால் 15 குறிகள் மட்டுமே காணப்படும். மதிப்பீடு 2,000 என இருமடங்காகும். ஒருமுறை பிடிபட்ட மீன் அஞ்சி வலையைத் தவிர்த்தாலும் இதே பிழை நேரும். ஆற்றில் மீன்கள் பிறந்தும் இறந்தும் இடம்பெயர்ந்தும் வாழ்வதால், பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு உயிர்பிழைப்பு வீதத்தையும் பிடிபடும் வாய்ப்பையும் சேர்த்து மதிப்பிடும் விரிந்த புள்ளியியல் படிமங்கள் இன்று கையாளப்படுகின்றன.

சிற்றோடைகளில் வேறொரு முறை வழக்கிலுள்ளது. ஓடையின் ஒரு பகுதியை இருபுறமும் வலையால் அடைத்து, மும்முறை மின்மயக்கம் செய்து, ஒவ்வொரு முறையும் பிடிப்பு எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு மொத்தத்தைக் கணக்கிடுவர். எளிதில் பிடிபடும் மீன்கள் முதல்முறையே அகப்பட்டுவிட, எஞ்சியவை கற்களுக்கு அடியில் பதுங்குகின்றன. பிடிப்பு விரைந்து குறைவதைக் கண்டு மீன்கள் தீர்ந்தன எனக் கருதுவதால், இம்முறை உண்மை எண்ணிக்கையைக் குறைத்தே காட்டும் இயல்புடையது.

பிடிபடாமை இன்மைக்குச் சான்றாகாது என்பதும் இதனோடு தொடர்புடையது. ஓர் இனம் ஒரு வருகையில் கண்டறியப்படும் வாய்ப்பு 0.3 எனில், நான்கு வருகைகளிலும் அது காணப்படாமல் போகும் வாய்ப்பு 0.7இன் நான்காம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 24 விழுக்காடு. ஓர் ஊடுருவும் மீன் 'இல்லை' என அறிவிப்பதற்கு முன்னர் இந்த 24 விழுக்காட்டை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

5. அகவைக் கட்டமைப்பு

மொத்த எண்ணிக்கை சரியாக மதிப்பிடப்பட்டாலும் அது முழு உண்மையை உணர்த்திவிடாது. இதற்குத் தக்க சான்று மொகாவி நீர்த்தேக்கத்து ரேசர்பேக் சக்கர். 1980களில் அங்கு இம்மீன்கள் பெருந்தொகையாக இருந்தன, ஆண்டுதோறும் முட்டையிட்டன, குஞ்சுகளும் பொரித்தன. மேலோட்டமாக நோக்குவோர்க்கு அது நலமான இனத்தொகையாகவே தோன்றியிருக்கும். மீன்களின் செவிக்கற்களிலுள்ள வளர்ச்சி வளையங்களைக் கொண்டு அகவை கணித்தபோது, அவை 24 முதல் 44 ஆண்டு வரை வாழ்ந்த முதிய மீன்கள் எனத் தெரியவந்தது. தேக்கம் உருவான காலத்தை ஒட்டிப் பிறந்தவையே அவற்றுட் பெரும்பான்மை. அதன்பின் பொரித்த குஞ்சுகள் அறிமுக மீன்களுக்கு இரையாகி, முதிர்நிலையை எட்டவேயில்லை.

நீண்ட வாழ்நாள் கொண்ட இனங்களில் முதிர்ந்த மீன்களின் எண்ணிக்கை, பல்லாண்டுகளுக்கு முந்தைய நிலையையே காட்டும். இன்றைய நிலையை அறிய இளமீன்களின் தொகையை அளத்தல் வேண்டும். மொகாவியில் இரவில் விளக்கொளியால் ஈர்த்துக் குஞ்சுகளைச் சேகரித்து, பாதுகாப்பான நீர்நிலைகளில் வளர்த்து மீண்டும் தேக்கத்தில் விடும் திட்டம் இப்புரிதலின் விளைவே.

6. கணக்கிலிருந்து முடிவுக்கு: இரு நிகழ்வுகள்

6.1 ட்ரவுட் அகற்றம் (2003–2006)

லிட்டில் கொலராடோ ஆறு முதன்மை ஆற்றோடு கூடுமிடத்தில், ஹம்ப்பேக் சப் மீன்களின் மிகப் பெரிய தொகை வாழ்கிறது. அங்குள்ள ட்ரவுட் மீன்கள் சப் குஞ்சுகளை உண்பதாகக் கருதி, 2003 முதல் 2006 வரை மின்மயக்க முறையில் அவற்றைப் பிடித்து அகற்றினர். அகற்றப் பகுதியில் ஏறத்தாழ 6,400ஆக இருந்த ரெயின்போ ட்ரவுட், 2006 பிப்ரவரியில் ஏறத்தாழ 600ஆகக் குறைந்தது. 2001க்கும் 2008க்கும் இடையில் முதிர்ந்த சப் மீன்கள் ஏறத்தாழ 50 விழுக்காடு பெருகி, 7,650 அளவை எட்டின.

அகற்றம் வென்றது என இதனால் முடிவு கட்டலாமா? ஆய்வாளர்கள் அகற்றம் செய்யப்படாத ஒரு மேற்பகுதியையும் ஒப்பீட்டுக்காகத் தொடர்ந்து அளந்திருந்தனர். அங்கும் அதே காலத்தில் ட்ரவுட் குறைந்திருந்தது. மேலும், வறட்சியால் பவல் தேக்கத்தின் மட்டம் தாழ்ந்து, அணையிலிருந்து வெளியேறிய நீர் வெப்பமுற்றிருந்தது. வெதுநீர் சப் மீனின் வளர்ச்சிக்கு உகந்தது. மூன்று காரணங்கள் ஒரே காலத்தில் செயற்பட்டமையால் எதன் பங்கு எவ்வளவு என முழுமையாகப் பிரித்தறிய இயலவில்லை. ஒப்பீட்டுப் பகுதி இல்லாதிருந்தால் இவ்வையமே எழுந்திராது. முழுவெற்றி என்றே பதிவாகியிருக்கும்.

இதில் வேறொரு குரலும் ஒலித்தது. அவ்வாற்றுக் கூடல் சூனி என்னும் தொல்குடி மக்களுக்குப் புனிதமான இடம். அங்கு உயிர்களைப் பெருந்தொகையாகக் கொல்வதை அவர்கள் எதிர்த்தனர். இதன்பின், மீன்களைக் கொல்லாமல் உயிருடன் அகற்றும் வழிகள் ஆராயப்பட்டன. 'அகற்றத்தக்க மீன்' என்னும் முடிவில் அறிவியலோடு அறமும் இடம்பெறுகிறது என்பதை இது உணர்த்துகிறது.

6.2 ஸ்மால்மவுத் பாஸ் (2022–2024)

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சார்ந்த ஸ்மால்மவுத் பாஸ், பவல் தேக்கத்தின் வெதுவெதுப்பான மேல்நீரில் வாழ்கிறது. தேக்கத்தின் மட்டம் தாழத் தாழ, அந்த மேல்நீர் அணையின் நீரெடு வாயிலை நெருங்கியது. மீன்களும் அவ்வழியே ஆற்றுக்குள் புகுந்தன. 2022 கோடையில் அணைக்குக் கீழுள்ள ஓர் ஒதுங்குநீரில் இவ்வினத்தின் குஞ்சுகள் பிடிபட்டன. முதிர்ந்த மீன்கள் சில அகப்படுவதற்கும் குஞ்சுகள் அகப்படுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது: முன்னது வருகை, பின்னது குடியேற்றம். ஒதுங்குநீரை அடைத்து ரோட்டினோன் இட்டனர். 1962இல் இயல்வாழ் மீன்களை அழித்த அதே நஞ்சு, இம்முறை அவற்றைக் காக்கப் பயன்பட்டது.

2024 ஜூலையில் அடுத்த படியாக, அணையின் ஆழத்திலுள்ள மாற்றுக் குழாய்கள் வழியே குளிர்நீர் திறக்கப்பட்டது. ஆற்றுநீரை 15.5 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்துப் பாஸ் இனப்பெருக்கத்தைத் தடுப்பது இதன் நோக்கம். அக்குழாய்களில் மின்னாக்கி இல்லை. ஆதலால் அவ்வழிச் செல்லும் நீரால் மின்னுற்பத்தி இழப்பு நேர்ந்தது. ஒதுங்குநீரில் சிக்கிய சில குஞ்சுகளின் பதிவு, ஒரு பேரணையின் இயக்கத்தை மாற்றும் முடிவுக்கு வித்திட்டது. அதே குளிர்நீர் சப் மீனின் வளர்ச்சியையும் மந்தமாக்கும் என்பதால், இம்முடிவின் பயனை அறியவும் தொடர் கணக்கெடுப்பே துணை.

முடிவுரை

ஹம்ப்பேக் சப் 2021இல் 'அருகிவரும் இனம்' என்னும் நிலையிலிருந்து 'அச்சுறுத்தலுக்குள்ளான இனம்' என்னும் நிலைக்கு மாற்றப்பட்டது. பல்லாண்டுகளாகக் குறியிட்டுத் தொடர்ந்த கணக்கெடுப்பு இல்லாமல் இம்மாற்றத்தை உறுதிசெய்திருக்க இயலாது. அடுத்த ஆண்டிலேயே பாஸ் குஞ்சுகள் தோன்றியமை, அம்முன்னேற்றம் எத்துணை நொய்மையானது என்பதைக் காட்டிற்று.

இக்கட்டுரையின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• இயல்வாழ் மீன், அறிமுக மீன் என்னும் பாகுபாடு வடிநிலத்தை எல்லையாகக் கொள்ளவேண்டும். பண்ணையில் பிறந்தவை தனியே குறிக்கப்படவேண்டும்.
• பிடிபடும் வாய்ப்பை அளவிடாத எண்ணிக்கையைக் கொண்டு இரண்டு இனங்களின் மிகுதி குறைவை ஒப்பிடலாகாது.
• முதிர்ந்த மீன்களோடு இளமீன்களும் அளக்கப்பட்டாலன்றி ஓர் இனத்தொகையின் எதிர்காலத்தை அறிய இயலாது.
• அகற்றம் போன்ற தலையீட்டின் விளைவைக் கூற, தலையீடு நிகழாத ஒப்பீட்டுப் பகுதி இன்றியமையாதது.

ஜிலேபி என்று நாம் அழைக்கும் திலாப்பியா முதலிய அறிமுக மீன்கள் தமிழக நீர்நிலைகளில் நிலைபெற்றுள்ள இந்நாளில், இம்முடிவுகள் நம் ஆறுகளுக்கும் பொருந்துவன. ஓர் ஆற்றின் மீனினப் பட்டியலைத் தொகுப்போர், எக்கருவியால், எத்தனை முறை, எந்நீர்நிலைமையில் தேடினர் என்பதையும் பட்டியலோடு சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவு இருப்பின், இன்று பிடிபடாத மீன் ஆற்றில் இல்லாத மீனா, தேடல் எட்டாத மீனா என்பதைப் பின்வரும் ஆய்வாளர் பிரித்தறிய இயலும்.